பாலடினுக்குக் கல்யாண ஆசை வந்துவிட்டது, டேபிளில் இதை எப்படிக் கொண்டுபோவது?

இருபதுமுகம்:

வணக்கம். ஞாயிறு மாலைகளில் ஐந்தாம் பதிப்பு டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுகிற கதை ஆட்டம்) நடத்துகிறேன். நான் டிஎம் (கதையை நடத்தும் ஆள்), நாலு பிளேயர்கள், ஒன்றரை வருடமாக ஒரே காம்பேயின் (தொடர்கதை). பாலடின் (சத்தியம் எடுத்த புனித வீரன்) ஆடுகிற நண்பருக்கு, நான் ஒரே ஒரு காட்சிக்காகக் கொண்டுவந்த என்பிசி (டிஎம் பேசி நடிக்கிற பாத்திரம்) மேல் மனசு போய்விட்டது. துறைமுகத்தில் கடல் வரைபடம் வரைகிற எல்ஃப் (நீண்ட ஆயுள் உள்ள கற்பனை இனம்) பெண், வயது 140. போன வாரம் அவளைப் பார்க்கப் போய், கொஞ்சம் பேசிவிட்டு, பெர்சுவேஷனுக்கு (பேசி இணங்க வைக்கும் திறமை) இருபதுமுகப் பகடையை உருட்டினார். 19 விழுந்தது, போனஸோடு 26. "சரி, அப்போ ஒத்துக்கிட்டாளா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஆமாம் என்று சொன்னால் அவளை நான் பொம்மையாக்கிவிட்ட மாதிரி இருந்தது, இல்லை என்றால் அவ்வளவு நல்ல உருட்டல் வீண். இதற்குள் ரோக் (திருட்டில் கைதேர்ந்த பாத்திரம்), கிளெரிக் (மந்திரம் தெரிந்த பூசாரி) ஆடுகிறவர்கள் உட்பட மற்ற மூன்று பேரும் முக்கால் மணி நேரமாகச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இன்னொன்று, நண்பன் எதிரில் உட்கார்ந்து காதல் வசனம் பேச எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது. அவர் இதை விளையாட்டாகக் கேட்கவில்லை, அந்தக் கேரக்டருக்கு ஒரு வீடு வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறார். அதனால் தட்டிக்கழிக்க மனமில்லை.

குகைவாசல்:

முதலில் அந்த 26. கொல்லனிடம் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் விலையைக் குறைப்பான், பட்டறையை எழுதித் தர மாட்டான். இங்கேயும் அப்படித்தான். 26 விழுந்தால் அவள் அன்றைக்கு நேரம் ஒதுக்கிப் பேசுகிறாள், தான் வரைந்துகொண்டிருக்கும் வரைபடத்தைக் காட்டுகிறாள், மறுபடி வரச் சொல்கிறாள். அந்த ஒரு கதவு திறந்ததே பெரிய வெற்றி. மனசு மாறுவதை மட்டும் பகடையிடம் விடாதீர்கள். அவளுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறாள், எதை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று மூன்று வரி எழுதி வைத்துக்கொண்டால் பதில் தானாக வரும்.

ஆனால் அதற்கும் முன்னால், ஆட்டத்துக்கு வெளியே நாலு பேரிடமும் பேசிவிடுங்கள். கோடு, திரை என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். கோடு போட்டது கதையில் வரவே கூடாது. திரைக்குப் பின்னால் போனது கதையில் நடக்கும், நாம் காட்ட மாட்டோம். எங்கள் டேபிளில் கைகோர்த்து நடப்பது வரை காட்சி, அப்புறம் திரை. இதை ஐந்து நிமிடத்தில் பேசி முடித்தோம், அதற்குப் பிறகு ஒருவருக்கும் நெளிய வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அந்த வயதை விட்டுவிடாதீர்கள். எல்ஃப் 750 வருடம் வரை வாழலாம், மனிதனுக்கு நூறு தாண்டினாலே அதிசயம். அவள் தூங்குவதுகூட இல்லை, நாலு மணி நேர தியானம் போதும். அவன் நடுராத்திரியில் விழித்துப் பார்க்கும்போது, அவள் எப்போதோ எழுந்து விளக்கடியில் வரைந்துகொண்டிருப்பாள். "நீ போன பிறகும் எனக்கு ஐந்நூறு வருடம் பாக்கி இருக்கும்" என்று அவள் ஒரு தடவை சொல்லட்டும். அதற்கு பாலடின் என்ன பதில் சொல்கிறான் என்பதற்கு உருட்டவே வேண்டாம்.

குளிர்கால_மாடம்:

நான் பென்ட்ராகன் ஆடுகிறவன். கிரெக் ஸ்டாஃபோர்ட் 1985-இல் கொண்டுவந்த ஆட்டம், ஆர்தர் அரசரின் மாவீரர்களைப் பற்றியது. அதில் கல்யாணம் ஓரமாக நடக்கிற விஷயம் இல்லை, ஆட்டமே அதன்மேல்தான் நிற்கிறது. பொதுவாக ஒரு சாகசம் முடிந்தால் ஒரு வருடம் முடிந்தது, பிறகு குளிர்காலக் கட்டம். வயல் விளைச்சல், குதிரை பிழைத்ததா, குழந்தை பிறந்ததா எல்லாம் அங்கே உருட்டிப் பார்ப்போம். உங்கள் வீரன் செத்தால் அவன் மகனையோ மகளையோ எடுத்துக்கொண்டு ஆடுவீர்கள். என் முதல் வீரன் போரில் விழுந்தபோது எனக்கு மிஞ்சியது ஒரு சின்ன மாளிகையும் ஒன்பது வயதுப் பையனும்தான். அவன் வளர்கிறவரை அந்த விதவைத் தாய் நிலத்தைக் காப்பாற்றினாள். அதுவரை அவளுக்கு என் கேரக்டர் தாளில் ஒரு பெயரும் ஒரு எண்ணும்தான் இருந்தன. இன்றைக்கு எங்கள் டேபிளில் எல்லோருக்கும் பிடித்த கேரக்டர் அவள்தான்.

அதனால் நான் சொல்வது, காலத்தை ஓட விடுங்கள். பாலடின் மூன்று மாதம் கழித்து ஊர் திரும்பட்டும். ஒவ்வொரு திரும்பலுக்கும் ஐந்து நிமிடக் காட்சி ஒன்று போதும். மற்ற மூன்று பேரும் காத்திருக்க வேண்டியதில்லை.

அலர்வாய்:

கூச்சத்துக்கு நம்மிடமே வழி இருக்கிறதே. அகப்பாட்டில் தலைவனும் தலைவியும் நேருக்கு நேர் பேசுவதைவிடத் தோழி பேசுவதுதான் அதிகம் கேட்கும். உங்கள் எல்ஃபுக்கு ஒரு தோழியை வையுங்கள், கப்பல் சுங்கம் வசூலிக்கிற குள்ளர் இனத்துப் பெண் யாராவது. இனி நீங்கள் காதலியாக வசனம் பேச வேண்டாம். "நீ வந்து போனதிலிருந்து மூன்று நாளாக அவள் கோடு கோணலாக விழுகிறது" என்று தோழியாகப் பேசினால் போதும். பாலடின் பக்கத்தில் பாங்கன் (தலைவனின் தோழன்) வேலையை ரோக் ஆடுகிறவரிடம் கொடுங்கள், சும்மா இருந்த ஒருவருக்கு வேலை வந்துவிடும்.

தலைவன் இரவில் சந்திக்க வருகிற இரவுக்குறிப் பாட்டுகளில் தோழி அவனிடம் ராத்திரி வராதே, வழியில் யானை, பாம்பு, காட்டாறு என்பாள். கல்யாணத்தைப் பேசி முடி என்பதற்குத்தான் அந்தப் பயமுறுத்தல். அதற்கு வரைவு கடாதல் என்று பெயர். உங்கள் உலகத்தில் அந்த வழியில் உண்மையிலேயே பூதம் இருக்கும், நாலு பேரும் சேர்ந்துதான் போக வேண்டும். ஊரார் வாயில் பேச்சு கிளம்புவதும், தோழி வீட்டாரிடம் விஷயத்தை உடைப்பதும் ஒவ்வொன்றும் ஒரு செஷனுக்கு ஆகும்.

இருபதுமுகம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதலில் பேசினோம், கிளெரிக் ஆடுகிறவர் ஒரே ஒரு கோடு போட்டார், பிரசவத்தில் சாவு வேண்டாம் என்று. நான் கேட்காமல் இருந்திருந்தால் தெரியாமல் அதைத்தான் எப்போதாவது கொண்டுவந்திருப்பேன். சுங்கக்காரத் தோழி பிரமாதமாக வேலை செய்தாள். எல்ஃப் ஒரு நிபந்தனை வைத்தாள், வருடத்தில் பாதி அவள் கடலில்தான் இருப்பாள், கூப்பிடக் கூடாது. பாலடின் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, "அப்படியென்றால் திரும்பி வருகிற நாளை மட்டும் சொல், துறைமுகத்தில் நிற்கிறேன்" என்றார். எல்லோரும் அமைதியாகிவிட்டோம்.

ஒரு விதிக் கேள்வி: 2017-இல் வந்த ஸனதார் என்ற டி அண்ட் டி விதிப் புத்தகத்தில் இருக்கிற செரிமனி (சடங்கு) மந்திரத்தைக் கிளெரிக் கல்யாணத்துக்குப் போட்டால் என்ன கிடைக்கும்?

குகைவாசல்:

முதல் நிலை மந்திரம்தான், போட ஒரு மணி நேரம் ஆகும், 25 தங்கக் காசு பெறுமான வெள்ளித்தூள் செலவாகிவிடும். ஏழு நாளைக்கு இருவரும் 30 அடிக்குள் இருக்கும்வரை இருவருக்கும் ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் தப்பவைக்கிற எண்) 2 கூடும். துணையை இழந்தவருக்குத்தான் மறுபடி பலிக்கும். எல்ஃபுக்கு அந்த வரியைப் படித்துக் காட்டிவிட்டுச் சடங்கை ஆரம்பியுங்கள்.

இருபதுமுகம்:

வெள்ளித்தூள் ரோக்கின் செலவாம், இந்தத் தடவை திருடாமல் வாங்கினாராம். வரும் ஞாயிறு முகூர்த்தம்.