புதுப்பிப்பு: உயிரியலா, கணினியா, ஓவியமா?

மூன்றும் பிடிக்கும், பட்டப்படிப்புக்கு எதை எடுப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். உயிரியலில் சேர்ந்தாயிற்று.

துறையின் பெயரை விடு, பாடத்திட்டத்தைத் திறந்து பார் என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. முதலாண்டுப் பாடங்கள் எங்கேயும் சுவாரசியமாகத்தான் தெரியும். கடைசி ஆண்டுப் பட்டியலில்தான் சாயம் வெளுக்கும். கணினியில் கம்பைலர், இயங்குதளம் என்று வந்ததும் எனக்குக் கொட்டாவி. மரபணுவியல், புரத அமைப்பு என்று படித்தபோது நேரம் போனதே தெரியவில்லை.

இன்னொன்று, ஆய்வகம் இல்லாமல் உயிரியல் கற்பது கஷ்டம். நிரலாக்கத்துக்கு ஒரு மடிக்கணினி போதும். அதனால் பைத்தான் என்ற நிரல்மொழிப் படிப்பு தனியே ஓடுகிறது. டிஎன்ஏ வரிசை என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளின் நீண்ட சரம்தானே? அதில் ஏடிஜி என்ற, புரதத்துக்கான குறிப்பு தொடங்கும் இடத்தைக் காட்டும் தொடக்கக் குறியீட்டைத் தேடும் சின்ன நிரல் எழுதினேன். இதற்கென்றே உயிர்த்தகவலியல் என்று ஒரு துறை இருக்கிறது. வேலைக்கு அந்தப் பக்கம் போகும் எண்ணம்.

இரட்டைப் பட்டம் எடு என்றவர்களுக்கு: பாடச்சுமையைப் பார்த்ததும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

அப்புறம் ஓவியம். அது சம்பாதித்துத் தர வேண்டியதில்லை என்று விட்டுவிட்டேன். ஆனால் ரெக்கார்டு நோட்டில் வெங்காயத் தோல் செல்களை வரைய வகுப்பில் பாதிப் பேர் என்னிடம்தான் வருகிறார்கள்.