நண்பனிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசினாலே வாக்குவாதமாகிவிடுகிறது, என்ன செய்வது?

கேள்வி:
நான் ஞானஸ்நானம் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன் இரண்டு வருடம் யோவான் சுவிசேஷத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, ஆயிரம் கேள்வி கேட்டு, ஒரு வழியாகத்தான் விசுவாசத்துக்குள் வந்தேன். பத்து வருட நண்பன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொன்னாலோ சண்டை. போன வாரம், "நீ முன்ன மாதிரி இல்லடா, ஆள் சேர்க்கிற மாதிரியே பேசுற" என்றான். சுருக்கென்றது. பேசாமல் விட்டுவிடவா?

பதில் 1:
விட வேண்டாம், வாதத்தை மட்டும் நிறுத்துங்கள். இயேசுவைப் பற்றி அவருடைய சீடர் பிலிப்பு போய்ச் சொன்னதும் நாத்தான்வேல் என்பவர் கேட்டது கிட்டத்தட்ட நக்கல்தான், இயேசுவின் ஊரான நாசரேத்திலிருந்து நல்லது ஏதாவது வருமா என்று. பிலிப்பு அதற்கு விளக்கமே கொடுக்கவில்லை, 'வந்து பார்' என்றார், அவ்வளவுதான். நீங்கள் அத்தனை தடவை படித்த யோவானில் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது! நான் மாற்கு சுவிசேஷத்தைச் சேர்ந்து வாசிக்கச் சொல்வேன். 16 அதிகாரம்தான், நான்கு சுவிசேஷங்களில் சின்னது. அவர் கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம் (போய்ப் பட்டிருக்கிறேன்).

பதில் 2:
நான் உங்கள் நண்பரின் இடத்தில் இருந்தவள். அப்பா படுக்கையில் இருந்தபோது ஒருவர் வந்து, நீ விசுவாசித்தால் இவர் எழுந்துவிடுவார் என்றார். அப்பா இறந்துவிட்டார். அப்புறம் ரொம்ப நாளைக்கு இயேசு என்ற பெயரைக் கேட்டாலே எழுந்து போய்விடுவேன். கூட வேலை பார்த்த ஒரு அக்கா மட்டும் எதுவும் சொல்லாமல் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வருடம் கழித்து நானாகத்தான் அவரிடம் கேட்டேன், நீங்க ஏன்க்கா இதை நம்புறீங்க என்று. 1 பேதுரு 3:15-ஐ எல்லாரும் 'எப்போதும் பதில் சொல்ல ஆயத்தமாயிரு' என்கிற வரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பதில் என்றால் எதிராளி ஏதோ கேட்டிருக்க வேண்டும் அல்லவா? அதே வசனத்தில் சாந்தமும் வணக்கமும் வருகிறது, அது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

பதில் 3:
மேலே சகோதரி சொன்னது சரி, ஆனால் கேட்கட்டும் என்று காத்திருப்பது சில சமயம் நம் பயத்துக்கு ஒரு சாக்கு. நான் பல வருடம் காத்திருந்தேன், ஒருத்தரும் கேட்கவில்லை. யோவான் 4-இல் கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண்ணை யாரும் கேட்கவில்லையே, குடத்தைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள். தனக்கு நடந்ததைச் சொல்லி, 'அவர் கிறிஸ்துதானோ?' என்று கேள்வியாகவே விட்டாள். மற்றதை ஊர்க்காரர்கள் தாங்களே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். பின்னாளில் திருச்சபையின் பெரிய சிந்தனையாளரான அகஸ்டினின் அம்மா மோனிக்கா, மகனோடு வாதாடிப் புரியவையுங்கள் என்று ஒரு ஆயரைக் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். அவனே வாசித்துக் கண்டுபிடிப்பான், நீ ஜெபம் பண்ணு என்றார். அகஸ்டின் ஞானஸ்நானம் எடுத்தது 387-இல், 32 வயதில். அதுவரை அந்த அம்மா எவ்வளவு அழுதிருப்பார்! அதனால் ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டு, நண்பனாகவே இருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நேற்று அவனுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். எனக்கே இன்னும் சந்தேகங்கள் இருக்கிறது, 'என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும்' என்று மாற்கு 9-இல் ஒரு தகப்பன் கதறுவதுதான் பல நாள் என் ஜெபம் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. உனக்குச் சந்தேகமே கிடையாதுன்னு நினைச்சேன் என்றான். அப்புறம், "சரி, அந்த மாற்கை அனுப்பு. நடுவுல விளக்கம் சொன்னே, மூடி வச்சிருவேன்."