பொருள்: ஸ்பாருக்குத் தமிழ்: விட்டமா, பருமலா?

தண்டையார்பேட்டை:
அன்பர்களே, பாகங்களாக வாங்கி நாமே கூட்டிச்சேர்க்கும் இரண்டு இருக்கை கிட் விமானம் ஒன்றின் வடிவமைப்பு முன்னேற்றக் குறிப்பைப் பாலிடெக்னிக் மாணவர்களுக்காகத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். பத்திக்குப் பத்தி ஸ்பார் வருகிறது. இறக்கையின் நீளவாக்கில் ஓடி, வளைவுச் சுமையின் பெரும்பகுதியை உடலுக்குக் கொண்டுசேர்க்கும் உறுப்பு. விட்டம் என்று போட்டேன். பழைய வரைவில் அது அலுமினியக் குழாய்; "முன் விட்டத்தின் வெளிவிட்டம்" என்று ஒரு வரி வந்து நின்றது. மாணவன் எதை அளப்பான்? புதிய வரைவில் குழாய் போய், மேலும் கீழும் தடித்த பட்டை, நடுவே மெல்லிய தகடு என்று மாறிவிட்டது. ஆனாலும் துளை விட்டமும் ரிவெட் விட்டமும் பக்கத்திலேயே இருக்கின்றன.

பெரம்பூர்:
உத்தரம் போதுமே ஐயா. எல்லாருக்கும் தெரிந்த சொல், எதனோடும் மோதாது.

திருவொற்றியூர்:
உத்தரத்துக்கு இரு பக்கமும் சுவர் உண்டு. இறக்கைக்குப் பிடிமானம் ஒரே முனையில். வளைவு அடிப்பகுதியில்தான் உச்சம். அதனால்தான் பட்டை அங்கே தடித்து, நுனிக்குப் போகப்போக மெலிகிறது. உத்தரம் என்று படித்தவன் நடுவில் தடிப்பைத் தேடுவான். அதுவும் வடசொல். கைமரம் என்று வைப்போம். கை நீட்டியதுபோல நிற்கிறது.

பெரம்பூர்:
ஓட்டுக்கூரையில் கைமரங்கள் வரிசையாக இறங்கும். இறக்கையில் அப்படி வரிசையாக நிற்பது விலா. இரண்டும் குழம்பும்.

காசிமேடு:
சொல் நம் கடற்கரையிலேயே இருக்கிறது: பருமல். பாய்மரத்தின் குறுக்கே கட்டி, பாயை விரித்துத் தாங்கும் மரம். காற்றின் அழுத்தம் பாயிலிருந்து பருமலுக்கு, அங்கிருந்து பாய்மரத்துக்கு. இறக்கையிலும் அதைப் போர்த்தும் மேல்தகட்டிலிருந்து விலா, விலாவிலிருந்து ஸ்பார், பிறகு உடல். ஆங்கிலத்திலும் ஸ்பார் கப்பல் சொல்லாக இருந்து விமானத்துக்கு வந்ததுதான்.

திருவொற்றியூர்:
அருமை! பரு, பருமை, பருமன், பருமல். பருத்த மரம். வேர் கண்ணெதிரே தெரிகிறது.

பெரம்பூர்:
அவசரம் வேண்டாம். அரபு மரக்கலங்களில் அதே மரத்துக்கு ஃபர்மன் என்று பெயர். சுவாஹிலியில் ஃபோரமாலி. உத்தரத்தை வடசொல் என்று தள்ளிவிட்டு இதை எப்படி உள்ளே விடுகிறீர்கள்?

திருவொற்றியூர்:
சொல் எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்குப் போனது என்று யார் கண்டது? புறநானூற்றில் கூம்பு என்றால் பாய்மரம். இன்று பள்ளிக் கணக்கில் கூம்பு வேறு, விமான மூக்கில் கூம்பு வேறு. கலச் சொல் எஞ்சியிருப்பதே பெரிது, அதைக் காப்பாற்றுவோம்.

எண்ணூர்:
வேரை விடுங்கள். வரைபடத்தில் ஸ்பார் என்றுதான் அச்சாகியிருக்கும். உங்கள் குறிப்பில் வேறு சொல் இருந்தால் பையன் தப்பான பாகத்தில் துளை போடுவான். 3.2 மி.மீ. ரிவெட் என்றால் துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து குறைந்தது 6.4 மி.மீ. தள்ளி இருக்கவேண்டும். ஸ்பார் பட்டையில் அது தவறினால் இழுவையில் ஓரம் கிழியும். தற்காலிகக் கவ்விகளைக் கழற்றிப் புதுப் பட்டையே போடவேண்டிவரும். அடித்து முடித்த ரிவெட்டின் தலை 4.8 மி.மீ. அகலம், 1.6 மி.மீ. உயரம். இதையெல்லாம் தமிழில் தெளிவாக எழுதுங்கள். ஸ்பாரை ஸ்பாராகவே விடுங்கள்.

காசிமேடு:
பாகத்தின் எண் இரண்டிலும் ஒன்றுதானே தம்பி? எண்ணைச் சேர்த்து எழுதினால் குழப்பமில்லை.

தண்டையார்பேட்டை:
சுமைச் சோதனைப் பத்தியில் போட்டுப் பார்த்தேன்: "இறக்கையைத் தலைகீழாகப் பொருத்தி, பருமலின் நீளத்துக்கு மணல்மூட்டை அடுக்க வேண்டும். 600 கிலோ விமானத்துக்கு எடையின் 4 மடங்கு சுமை என்றால் இரு இறக்கைக்கும் சேர்த்து 2,400 கிலோ. அதுவரை நிலையான வளைவு விழக்கூடாது. அதன் ஒன்றரை மடங்கான 3,600 கிலோவில் பருமல் 3 நொடி முறியாமல் நிற்கவேண்டும்." தடங்கலின்றி ஓடுகிறது. பருமலுக்கு மூவர், பெரம்பூர் உத்தரம், எண்ணூர் ஸ்பார். முதல் பக்கத்தில் "ஸ்பார் என்னும் பருமல்" என்று சொல்லிவிட்டு, பிறகு முதன்மைப் பருமல், பின் பருமல். வரைபடக் குறிப்புகளில் ஸ்பார் அப்படியே இருக்கும், பாக எண்ணோடு.

பெரம்பூர்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். மாணவர்களில் எத்தனை பேர் பருமலைப் பார்த்திருப்பார்கள்?

எண்ணூர்:
நடுத்தகட்டுக்கு என்ன சொல்? மேல்தகடும் தகடு, இதுவும் தகடு. வெள்ளிக்கு இரண்டே நாள்தான்.