தாத்தாவின் சவரக்கத்தி கிடைத்திருக்கிறது, முதல் நாளே கன்னத்தில் வெட்டு. தப்பு கையிலா கத்தியிலா?

வேளச்சேரிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வயது 26, இதுவரை கார்ட்ரிட்ஜ் ரேசர் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. போன மாதம் பாட்டி வீட்டைக் காலி செய்யும்போது பீரோவின் அடித்தட்டில் பழைய வேட்டித் துணியில் சுற்றி தாத்தாவின் மடக்குக் கத்தி கிடைத்தது. கறுப்புப் பிடி. கத்தி பிடிக்குள் போகிற அடிப்பகுதியில் ஸோலிங்கன், ஜெர்மனி என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டிவிட்டு தாத்தா நின்றுகொண்டே சவரம் செய்வார், நான் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து பார்ப்பேன். கத்தி கன்னத்தில் இறங்கும்போது வரும் அந்தச் சர்ர் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதனால் இதைக் கண்ணாடி அலமாரியில் வைத்து மூட எனக்கு மனமில்லை, நானே பழகிக்கொள்ள வேண்டும்.

நாலைந்து வீடியோ பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன். நுரை போட்டு, வலது கன்னத்தில் வைத்து இழுத்தேன். முடி வெட்டுப்படவில்லை, பிடுங்குகிற மாதிரி வலித்தது. கொஞ்சம் அழுத்தினேன், தாடை எலும்புக்கு மேலே ஒரு அங்குல நீளத்துக்குக் கீறிவிட்டது. படிகாரம் வைத்ததும் ரத்தம் நின்றது, ஆனால் அம்மா அதைப் பார்த்ததிலிருந்து கத்தியை எங்கே ஒளித்து வைக்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

கத்தியில் அங்கங்கே துருப்புள்ளி இருக்கிறது, வெட்டும் பக்கமான வாய் ஓரத்தில் நகத்தை வைத்தால் தட்டுப்படும் அளவுக்குச் சின்னதாக ஒரு பல், அதாவது உடைசல். தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் கொடுத்துத் தீட்டிக்கொள்ளலாமா? இல்லை, முதலில் சலூனில் வைத்திருப்பது போல பிளேடு மாட்டும் கத்தியை வாங்கிப் பழகிவிட்டு இதற்கு வர வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் நுரை:

தம்பி, சாணைச் சக்கரத்தில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், உங்கள் பதிவைப் படித்ததும் பதறியது அதற்குத்தான். அந்தச் சக்கரம் அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் சரி. சவரக்கத்தியின் வாய் காகிதத்தை விட மெல்லியது, சக்கரத்தின் சூட்டில் ஒரு நொடியில் நீலம் பாய்ந்து பதம் போய்விடும். பதம் போன கத்தியை என்ன தீட்டினாலும் கூர் நிற்காது. ஸோலிங்கன் என்ற பெயரை அந்த ஊர்க் கத்திக்கு மட்டும்தான் போடலாம் என்று ஜெர்மனியில் 1938-லேயே சட்டம் போட்டார்கள், அப்படி மதிப்புள்ள இரும்பு அது.

உங்கள் கேள்விக்கு என் பதில்: தப்பு கத்தியில். நான் 11 வருஷமாக இதில்தான் சவரம் செய்கிறேன், புதிதாக ஆரம்பிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் மழுங்கின கத்தியை வைத்துக்கொண்டு தன் கைக்கு இது வராது என்று விட்டுவிடுகிறார்கள். கூரான கத்திக்கு அழுத்தமே வேண்டாம், அதன் எடையே போதும். அது முடியைப் பிடுங்கியதென்றால் அந்த நிமிடமே நிறுத்தியிருக்க வேண்டும். அழுத்தினீர்கள் பாருங்கள், அங்கேதான் வெட்டு விழுந்தது.

கத்தியைச் சரிசெய்ய வேண்டியது கல்லில். பல் போக 1000 கிரிட் (கல் எவ்வளவு நைஸ் என்று சொல்லும் எண், எண் கூடக்கூட கல் நைஸ்), பிறகு 4000 அல்லது 5000, பிறகு 8000, முடிந்தால் 12000. கத்தியின் முதுகும் வாயும் இரண்டும் ஒரே நேரத்தில் கல்லைத் தொட்டபடி படுக்கவைத்துத் தள்ள வேண்டும். முதுகின் தடிமனே கோணத்தைப் பார்த்துக்கொள்ளும், அப்படித்தான் அந்தக் கத்தியைச் செய்திருக்கிறார்கள். ஆனால் முதல் தீட்டலை நீங்களே செய்யாதீர்கள். கூர் என்றால் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் கல்லில் தேய்த்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. சவரக்கத்தி தீட்டத் தெரிந்த ஒருவரிடம் அனுப்பி வாங்குங்கள். ஒற்றைத் தலைமுடியைத் தொங்கவிட்டு கத்தியின் வாயில் மெல்லத் தொட்டால் அது துண்டாகி விழ வேண்டும், அதுவரை முகத்தில் வைக்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். வேளச்சேரியில் போர் தண்ணீர்தானே? உப்புத் தண்ணீரில் நுரை வராது, வந்தாலும் ஒரு நிமிடத்தில் செத்துவிடும். நான் இரண்டு வருஷம் சோப்பை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தேன். நுரைக்கு மட்டும் ஒரு டம்ளர் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், பிரஷ்ஷில் நுரை தயிர் மாதிரி கெட்டியாக, பளபளப்பாக நிற்கும். அப்புறம் ஃபேனை நிறுத்துங்கள். ஃபேன் காற்றில் இடது கன்னத்துக்கு வருவதற்குள் நுரை காய்ந்துவிடும், காய்ந்த நுரையில் கத்தி வழுக்காது. ஃபேன் இல்லாமல் சென்னையில் நிற்க முடியாது என்பதால் நான் விடியற்காலை 5.30-க்கே, குளித்த கையோடு முடித்துவிடுகிறேன். முடியும் அப்போது ஊறி மெத்தென்று இருக்கும்.

முதல் 10 தடவை இரண்டு கன்னம் மட்டும் போதும். காது ஓரத்திலிருந்து கீழே, முடி வளரும் வாக்கிலேயே. மீதியைப் பழைய ரேசரில் முடியுங்கள். அப்புறம் கழுத்து, கடைசியாக மோவாய். மோவாயின் வளைவுதான் இருப்பதிலேயே கஷ்டம். மீசை வைத்திருந்தால் மேலுதடு தப்பித்தது.

அயனாவரம் சலூன்:

நான் 28 வருஷமாகத் தொழிலில் இருக்கிறேன், என் அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டேன். மேலே அண்ணன் சொன்னதெல்லாம் சரி. நான் கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன் தம்பி.

என் அப்பா எனக்கு முதலில் கத்தியைக் கொடுக்கவே இல்லை. ஊதின பலூனில் நுரை தடவி, பலூன் வெடிக்காமல் நுரையை மட்டும் வழிக்கச் சொன்னார். முதல் நாள் 6 பலூன் போயிற்று. கோணம் என்று வாயால் சொல்வது அன்றைக்குத்தான் கைக்குப் புரிந்தது. தோலுக்கும் கத்திக்கும் நடுவில் 30 டிகிரி என்பார்கள், சுலபமாகப் பார்க்க வேண்டுமானால் கத்தியை முகத்தில் படுக்கவைத்து, முதுகுக்கும் தோலுக்கும் இடையே கத்தி முதுகைப் போல இரண்டு மடங்கு இடைவெளி வரும்வரை தூக்குங்கள். அதற்கு மேல் தூக்கினால் சுரண்டும், அப்புறம் வெட்டும்.

பிடிப்பது இப்படி: கட்டைவிரல் அடிப்பகுதிக்குக் கீழே, மூன்று விரல் அதன் முதுகின் மேல், சுண்டுவிரல் அடிப்பகுதியின் கடைசியில் நீட்டிக்கொண்டிருக்கும் வால் மேல் உட்கார வேண்டும். பிடியை மேலே திருப்பி விட்டுவிடலாம். வலது கையை விட இடது கைக்குத்தான் வேலை அதிகம். தோலை இழுத்துப் பிடிக்காத இடத்தில்தான் வெட்டு விழும். வியர்வையிலும் சோப்பிலும் விரல் வழுக்கினால் படிகாரத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள், விரல் தோலில் ஒட்டின மாதிரி நிற்கும். கத்தியைக் குறுக்கே மட்டும் நகர்த்தவே கூடாது. மேலிருந்து கீழே ஆயிரம் தடவை இழுத்தாலும் ஒன்றும் ஆகாது, பக்கவாட்டில் ஒரு நூல் நகர்ந்தால் ஆழமாக இறங்கிவிடும்.

பிளேடு மாட்டும் கத்தியில் ஆரம்பிக்கலாமா என்று கேட்டீர்கள். நாங்கள் அதற்கு மாறியது வேறு காரணத்துக்காக. இந்தியாவில் எச்ஐவி முதலில் கண்டறியப்பட்டதே 1986-ல் நம் சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமன் தலைமையில். அந்தப் பேச்சு பரவின பிறகு ஆளுக்கு ஆள் புது அரை பிளேடு மாட்டாமல் யாரும் நாற்காலியில் உட்கார மாட்டார்கள், அதுதான் நியாயமும். ஆனால் பழகுவதற்கு அது கடினம். பிளேடு மெல்லிசு, கத்தியில் எடை கிடையாது, தப்பை மன்னிக்காது. தாத்தா கத்தி கனமானது, தானே தோலில் படிந்து போகும். அதைத் தீட்ட அனுப்பிவிட்டு, அது வரும்வரை பிளேடு மாட்டாத வெறும் கத்தியில் கண்ணாடி முன்னால் நின்று பழகுங்கள். அம்மாவுக்கும் நிம்மதி.

இன்னொன்று, அந்தக் கத்தியை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், தம்பிக்கும் சரி, நண்பனுக்கும் சரி.

வேளச்சேரிக்காரன்:

ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். கத்தியை நேற்றே பெங்களூரில் தீட்டித் தருகிற ஒருவருக்குக் கூரியரில் அனுப்பிவிட்டேன். தாத்தாவிடம் கத்தி தீட்டுகிற ஒரு தோல் வார் இருந்தது நினைவிருக்கிறது, அது கிடைக்கவில்லை. பேன்ட் பெல்ட்டில் தீட்டலாம் என்று ஒருவர் சொன்னார், முடியுமா?

பெரியமேடு தோல்:

பெல்ட் வேண்டாம். கடையில் விற்கிற பெல்ட்டில் பாதிக்கு மேல் தோலே கிடையாது, மேலே ஒரு பூச்சுதான், அதன் மேல் கத்தியைத் தேய்த்தால் கூர் போய்விடும். எங்கள் பெரியமேட்டுக்கு ஒரு நடை வாருங்கள். கடையில் கேட்கும்போது குரோம் உப்பில் பதனிட்ட தோல் வேண்டாம், பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல் வேண்டும் என்று கேளுங்கள். இந்த ஊர் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைக் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்கு அனுப்பிய ஊர், பட்டைத் தோல் என்றால் கடைக்காரருக்கு உடனே புரியும். 3 அங்குல அகலம், ஒன்றரை அடி நீளம், சுருக்கமோ தழும்போ இல்லாத துண்டு. உள்ளங்கையால் தடவினால் லேசாகப் பிடிக்க வேண்டும், வழுவழு என்று ஓடக் கூடாது. ஒரு முனையில் ஓட்டை போட்டு ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொள்ளலாம்.

வாரில் இழுக்கும்போது கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும். கல்லில் செய்வதற்கு நேர் எதிர். ஓரம் வந்ததும் கத்தியைத் தோலிலிருந்து தூக்காமல் முதுகின் மேலேயே புரட்டித் திரும்புங்கள். வாய்ப் பக்கமாகப் புரட்டினால் ஒரே நொடியில் தோலில் ஒரு வெட்டு, கத்தியின் கூரும் போச்சு. என் முதல் வாரில் அப்படி 4 வெட்டு இருக்கிறது. வாரை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள், தொய்ந்தால் வாய் உருண்டுவிடும். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் 40, 50 தடவை, அவசரமே இல்லாமல்.

கடற்கரை ஊரில் துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளியலறையில் வைக்கவே கூடாது. துடைத்து, வாரில் நாலு இழுப்பு இழுத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுக்கும்.

திருவான்மியூர் 58:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம், டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு என் டாக்டர் வேண்டாம் என்றார், 20 வருஷம் பழகின கத்தியை எடுத்து வைத்துவிட்டேன். தம்பிக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் முடி சுருட்டையாக இருந்தால் எதிர்வாக்கில் ஷேவ் செய்ய ஆசைப்படாதீர்கள். தோலுக்கு அடியில் வெட்டுப்பட்ட முடி உள்ளேயே வளைந்து வளர்ந்து கழுத்தெல்லாம் கொப்புளமாகும். வாக்கிலேயே இரண்டு தடவை போதும்.

வேளச்சேரிக்காரன்:

6 வாரம் கழித்து எழுதுகிறேன். கத்தி திரும்பி வந்துவிட்டது, பல் போய்விட்டது, துருவில் இரண்டு புள்ளி மட்டும் முதுகுப் பக்கம் நிற்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டேன். அதனுடன் வந்த சீட்டில் வாரில் மட்டும் தீட்டவும், 3 மாதத்துக்குக் கல்லைத் தொட வேண்டாம் என்று எழுதியிருந்தது.

முதலில் 9 பலூன். பிறகு கன்னம் மட்டும். கேன் தண்ணீரில் நுரை வந்த விதத்தைப் பார்த்து நானே நம்பவில்லை. முதல் இழுப்பில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்தேன், வலியும் இல்லை, இழுப்பும் இல்லை. கத்தியைத் துண்டில் துடைத்துப் பார்த்தால் நுரைக்குள் பொடிப்பொடியாகக் கறுப்பு முடி. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன், மழமழ என்றிருந்தது. இரண்டாவது வாரம் காதோரம் ஒரு சின்னக் கீறல், இடது கையை மாற்றி வைக்க மறந்ததால். அதற்குப் பிறகு இதுவரை இல்லை. கழுத்துக்கு இந்த வாரம்தான் வந்திருக்கிறேன், அங்கே முடி பக்கவாட்டில் வளர்கிறது என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். மோவாய் இன்னும் பழைய ரேசரில்தான்.

நேற்று காலை வாரை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து அம்மா வந்து வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உங்கள் தாத்தா இன்னும் மெதுவாக இழுப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார். மெதுவாக இழுத்துப் பார்த்தேன், சத்தம் மாறுகிறது. பெரியமேடு அண்ணா, வேகத்துக்கும் கூருக்கும் சம்பந்தம் உண்டா?

பெரியமேடு தோல்:

உண்டு. வேகமாக இழுத்தால் திரும்புகிற இடத்தில் கத்தி தோலை விட்டு எழும்பும், வாயில் பாதிக்குத்தான் தோல் படும். அம்மா சொன்ன வேகத்திலேயே இழுங்கள்.