கோமெட் ராக்கெட் விமானம் அவ்வளவு வேகமாகப் பறந்தும் ஏன் எடுபடவில்லை?

செந்தில்:
இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பறக்கவிட்ட மெஸ்ஸர்ஷ்மிட் மீ 163 கோமெட்டைப் பற்றி இரண்டு நாளாகப் படிக்கிறேன். 1941 அக்டோபரிலேயே ஹைனி டிட்மார் என்ற சோதனை விமானி அதில் மணிக்கு 1,000 கி.மீ.யைத் தாண்டியிருக்கிறார். 300-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அவை சுட்டு வீழ்த்திய எதிரி விமானங்கள் இருபதைக்கூடத் தொடவில்லை. எங்கே கோட்டை விட்டார்கள்?

வானம்பாடி:
அந்த வேகம்தான் முதல் சிக்கல். குண்டுவீச்சு விமானம் 350 கி.மீ.யில் போகும், கோமெட் 900-இல் பின்னாலிருந்து பாயும். நொடிக்கு 150 மீட்டர் நெருங்கினால் குறிவைத்துச் சுட இரண்டு மூன்று நொடிதான் மிஞ்சும், அதிலிருந்த 30 மி.மீ. பீரங்கியோ கிட்டப் போனால்தான் படும். எரிபொருள் ஏழெட்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும், அப்புறம் வெறும் கிளைடர். சக்கரங்களை மேலேறும்போதே கழற்றிவிடுவதால் சறுக்குக்கட்டையில் இறங்கி, இழுவை வண்டி வரும்வரை புல்வெளியில் அப்படியே கிடக்க வேண்டும். எதிரி விமானங்கள் அந்த நேரம் பார்த்துத்தான் வந்து சுட்டன.

ரமா:
எரிபொருளை விட்டுவிட்டீர்களே அண்ணா. ஒரு தொட்டியில் 80 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, இன்னொன்றில் ஹைட்ரசீனும் மெத்தனாலும் கலந்த திரவம். இரண்டும் தொட்டாலே பற்றிக்கொள்ளும், அதனால் இரண்டு டாங்கர்களையும் ஒரே நேரத்தில் விமானத்தின் அருகே விடமாட்டார்கள். முதல் டாங்கர் போனதும் சிந்தியதையெல்லாம் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் அடுத்தது வரும். அந்தப் பெராக்சைடு தொட்டிகளில் இரண்டு விமானியின் இருக்கைக்கு இருபுறமும் இருந்தன என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தரையிறங்கும்போது கொஞ்சம் மிச்சமிருந்து ஒரு குலுங்கு குலுங்கினாலும் போச்சு.

செந்தில்:
சரி, லாய்னா எரிபொருள் ஆலையைக் காக்க என்று பிராண்டிஸ் விமானதளத்தில் நிறுத்தினார்களே, அந்த யோசனையாவது சரிதானே?

வானம்பாடி:
யோசனை சரிதான், சில நிமிடத்தில் 12,000 மீட்டர் ஏற அன்று வேறு எதனாலும் முடியவில்லை. ஆனால் அது போய்வரக்கூடிய தூரம் சுமார் 40 கி.மீ.தான். அது தெரிந்ததும் நேச நாட்டு விமானங்கள் அந்த வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போயின.

கடலோடி:
ஜெர்மனி மட்டும் இல்லை. சோவியத்தின் ராக்கெட் விமானம் பி-ஐ 1, பெரும்பாலும் மரத்தில் செய்தது, மண்ணெண்ணெயும் நைட்ரிக் அமிலமும் எரித்துப் பறந்தது. அதை முதலில் ஓட்டிய பக்சிவான்ஜி 1943 மார்ச்சில் அதே வகை விமானத்தில் இறந்தார். ஜப்பான் கதை இன்னும் வேதனை. கோமெட் வரைபடங்களோடு வந்த ஐ-29 நீர்மூழ்கி 1944 ஜூலையில் மூழ்கிவிட்டது, வழியில் சிங்கப்பூரில் இறங்கி விமானமேறிய அதிகாரி கையோடு கொண்டுபோன கொஞ்சம் தாள்கள்தான் மிஞ்சின. அதை வைத்தே ஷூசூய் என்ற தங்கள் ராக்கெட் விமானத்தைக் கட்டிவிட்டார்கள், உண்மையிலேயே பெரிய உழைப்பு. 1945 ஜூலை 7 அன்று முதல் ஓட்டம். தொட்டியை முழுக்க நிரப்பவில்லை, செங்குத்தாக ஏறும்போது எரிபொருள் குழாயின் வாய்க்கு எட்டாமல் ஒதுங்கி என்ஜின் நின்றுபோனது. விமானி இனுசுகா ஓடுதளத்துக்குத் திரும்பப் பார்த்தார், ஒரு கட்டடத்தில் இறக்கை இடித்துவிட்டது. மறுநாள் இறந்துபோனார்.