புனே பூலே வாடாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

வேலைக்காகப் புனேயில் இருந்தபோது, ஞாயிறு வந்தால் நண்பர்கள் சிங்ககட் கோட்டைக்கோ சனிவார் வாடாவுக்கோ கிளம்பிவிடுவார்கள். சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் பூலேயின் வீட்டுக்கு யாரும் கூப்பிட்டதில்லை. நானே ஒரு நாள் ஆட்டோ பிடித்துப் போனேன். கஞ்ச் பேட்டையில் சந்துக்குள் சந்து. "பூலே வாடா" என்றால் ஓட்டுநர்களுக்குத் தெரிகிறது (வாடா என்றால் மராத்தியில் முற்றம் வைத்த வீடு).

பெரிய நினைவு மண்டபத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு, அவ்வளவே. நான் வழக்கம்போல உள்ளே இருந்த படங்களைக் கைபேசியில் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். பேத்தியோடு வந்திருந்த ஒரு பெரியவர் இந்தியில் அதட்டினார்: "படத்தை எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கலாம். முதல்ல கிணத்தைப் பாருங்க!"

போய் எட்டிப் பார்த்தேன். சாதாரணக் கிணறு, நம்மூர்க் கொல்லையில் இருப்பது மாதிரி. ஆனால் 1868இல், பொதுக் குளத்தில்கூடத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தண்ணீர் கிடைக்காத காலத்தில், தன் வீட்டுத் தண்ணீரை அவர்களுக்குத் திறந்துவிட்டவர் பூலே. புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததுதான். முற்றத்தில் நின்று பார்க்கும்போதுதான் அது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று உறைத்தது. அக்கம்பக்கம் அத்தனை நெருக்கம். யார் வந்தார், யார் மொண்டார் என்பது தெருவுக்கே தெரிந்திருக்கும்.

பெரியவர் சாத்தாரா பக்கத்துக்காரராம். பூலே குடும்பத்தின் பூர்வீகமும் அந்த மாவட்டத்துக் கட்குண் கிராமம்தான். அதில் மனிதருக்கு ஏகப் பெருமை! அவர்தான் சமாதியைக் காட்டி அதன் கதையைச் சொன்னார். தன்னை எரிக்காமல் வீட்டருகிலேயே உப்பிட்டுப் புதைக்க வேண்டும் என்பது பூலேயின் ஆசை. குழிகூடத் தோண்டி வைத்திருந்தார். 1890 நவம்பர் 28இல் அவர் இறந்ததும், குடியிருப்புப் பகுதியில் புதைக்க நகராட்சி அனுமதி தரவில்லை. எரித்துவிட்டுச் சாம்பலைக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். கொள்ளிச் சட்டி ஏந்தும் உரிமை தத்துப்பிள்ளை யஷ்வந்துக்குக் கிடையாது என்று உறவினர்கள் தகராறு செய்ய, பூலேயின் மனைவி சாவித்திரிபாய் தானே சட்டியை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தாராம். அந்தக் காலத்தில் ஒரு பெண்!

சமாதி துளசி மாடமாக இருப்பதுதான் எனக்குக் கொஞ்சம் நெருடியது. புரோகிதரே வேண்டாம் என்று 1873இல் சத்யசோதக் சமாஜம் (உண்மை தேடுவோர் சங்கம்) தொடங்கியவருக்குத் துளசி மாடமா? கேட்டே விட்டேன். "துளசி என்ன பிராமணர் வீட்டுச் செடியா? எங்க வீட்டு வாசல்லயும்தான் இருக்கு" என்று சிரித்தார். சரி, அவர் ஊர், அவர் வழக்கம்.

அங்கிருந்து புத்வார் பேட்டைக்குப் போனேன். தகடுசேட் கணபதி கோயிலுக்கு எதிரே, 1848இல் பூலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய பிடே வாடா இருந்த இடம். சாவித்திரிபாய்க்கு அப்போது 17 வயது. பள்ளிக்குப் போகும் வழியில் சேறும் சாணமும் எறிவார்கள் என்பதால் மாற்றுப் புடவை எடுத்துப் போவாராம். பழைய கட்டடத்தை 2023 டிசம்பரில் இடித்துவிட்டார்கள், நினைவிடம் கட்டுவதற்காக. என்னைக் கேட்டால் அங்கே சிலையைவிட ஒரு பெண்கள் பள்ளி நடந்தால் நன்றாக இருக்கும். பூலே வாடாவைப் பார்க்கப் போகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான்.