பி.காமில் பிரெஞ்சு எடுத்தால் வேலைக்கு உதவுமா?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்): பகுதி-1 மொழிப் பாடத்தில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுக்கலாம் என்கிறார்கள். மார்க் வரும், சரி. வேலை வருமா?

பதில் 1: அந்தப் பேப்பரை மட்டும் நம்பினால் வராதுங்க. பெரும்பாலும் இலக்கணமும் மொழிபெயர்ப்பும்தான், காது பழகாது. கம்பெனிகள் கேட்பது டெல்ஃப் என்ற பிரெஞ்சு அரசு மொழித் தேர்வில் பி2 நிலை. அதற்குச் சுமார் 500 முதல் 600 மணி நேரப் படிப்பு வேண்டும். முதல் வருடம் அதற்குக் கீழ்நிலையான ஏ2, டிகிரி முடிவதற்குள் பி2 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்ஃப் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் தலா 25. மொத்தம் 50 எடுத்தால் பாஸ். ஆனால் ஒரு பகுதியில் 5க்குக் கீழே போனால் மொத்தம் 70 இருந்தாலும் ஃபெயில். நம்மவர்கள் சறுக்குவது கேட்டலில்தான்: வினைச்சொல்லின் கடைசி எழுத்துகள் பலவற்றை எழுதுவார்கள், ஆனால் உச்சரிக்க மாட்டார்கள். ஆர்எஃப்ஐ என்ற பிரான்ஸ் வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி பத்து நிமிடம்தான், தினமும் கேளுங்கள்.

பதில் 2: பி.காமோடு பி2 இருந்தால் ஐரோப்பியக் கணக்குகளைப் பார்க்கும் சென்னை, பெங்களூரு அலுவலகங்களில் இன்வாய்ஸ், வாடிக்கையாளர் சேவை வேலைகள் உண்டு. பிரெஞ்சு மட்டும் என்றால் வாத்தியார் வேலைதான். ஏற்காடு போர்டிங் ஸ்கூல்களிலும் கேட்டுப் பாருங்கள். கல்லூரி வாத்தியாராக எம்.ஏ.வும், நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வும் வேண்டும்.

பதில் 3: கனடா கனவு இருந்தால், அந்நாட்டு மத்திய அரசு வழியாகக் குடியேற டெல்ஃப் செல்லாது, டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற வேறு பிரெஞ்சுத் தேர்வு எழுதணும். அந்த மதிப்பெண் 2 வருடம்தான் செல்லும், அவசரப்பட்டு எழுதாதீங்க. டெல்ஃப் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது.